டெர்மினலில் ஓடுகிறது, எக்லிப்ஸில் சிவக்கிறது: கிளாஸ்பாத் எங்கிருந்து வர வேண்டும்?

"அக்கா, டெர்மினல்ல பில்ட் சக்சஸ்னு வருது. எக்லிப்ஸ்ல திறந்தா இம்போர்ட் வரி எல்லாம் செவப்பா கிடக்கு. எதை நம்புறது?"

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஹட்டியின், அதாவது ஊரின், வாசகசாலை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாவா சொல்லித் தருகிறேன். கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் படித்துக்கொண்டு வாரக் கடைசியில் மலையேறி வருகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒரு மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் கேட்ட கேள்வி இது. டெர்மினல் என்பது மேவன் போன்ற பில்ட் கருவிக்குக் கட்டளை தட்டும் ஜன்னல்; பில்ட் என்றால் நிரலைக் கம்பைல் செய்து, அதாவது ஜாவா ஓட்டக்கூடிய கிளாஸ் கோப்புகளாக மாற்றி, தயாராக்குவது. எக்லிப்ஸ் நிரல் எழுதும் மென்பொருள். ஜாவா கற்கும் எல்லோரும் ஒரு நாள் இங்கே வந்து முட்டுவார்கள். பலர் அன்றைக்கே மனம் விட்டுப்போகிறார்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது சின்ன நிரல். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் பல்லாயிரம் பேர். எங்கள் மாணவர்களின் வீடுகளும் அதில் அடக்கம். தினமும் எத்தனை கிலோ பச்சை இலை போட்டோம், சாக்கு எடைக்கு எவ்வளவு கழிந்தது, மாத விலை அறிவித்ததும் கைக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கணக்கிட்டு எக்செல் கோப்பாகத் தரும் நிரல். எக்செல் எழுத அபாச்சி பிஓஐ, சோதனைக்கு ஜேயூனிட், தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட் டிரைவர். மூன்றே லைப்ரரி. சிக்கல் வர மூன்று போதும்.

அவள் கேள்விக்கு முதலில் பதில்: டெர்மினலை நம்பு. ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை. ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கிளாஸ்பாத் என்றால்

பெயர்தான் பெரிது, பொருள் சின்னது. 'இந்தக் கிளாஸை எங்கெங்கே தேடலாம்' என்று ஜாவாவிடம் கொடுக்கும் இடங்களின் வரிசைதான் கிளாஸ்பாத். அந்த இடம் ஃபோல்டராக இருக்கலாம், ஜார் கோப்பாக இருக்கலாம். ஜார் என்பது ஜிப் வடிவத்தில் கட்டிய மூட்டை. நம்பிக்கை வராவிட்டால் ஒரு ஜாரைப் பிரதி எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ஃபோல்டர்களும் கிளாஸ் கோப்புகளும் இருக்கும்.

நிரலில் 'இம்போர்ட் ஆர்க் அபாச்சி பிஓஐ...' என்று புள்ளி வைத்து எழுதுகிறோம் அல்லவா? அந்தப் புள்ளிகளை ஃபோல்டர் கோடுகளாக மாற்றிக்கொண்டு, ஆர்க் ஃபோல்டருக்குள் அபாச்சி, அதற்குள் பிஓஐ என்று ஒவ்வோர் இடத்திலும் கம்பைலர் தேடிப் போகும். பட்டியலில் முதலில் எந்த இடத்தில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருவதைத் திரும்பியும் பார்க்காது. ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் இருந்தால் முன்னால் நிற்பதுதான் ஜெயிக்கும். வரிசை மாறினால் நிரலின் நடத்தையே மாறக்கூடும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

இரண்டு இடங்களைப் பிரித்துக் காட்ட லினக்ஸில் முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. வகுப்பில் பாதிப் பேர் உபுண்டு, பாதிப் பேர் விண்டோஸ் என்பதால் இந்தச் சின்ன வித்தியாசம் எங்களைப் பல முறை நிறுத்தியிருக்கிறது. ஜாவா எதையும் தானாகப் போய் இணையத்திலிருந்து எடுத்து வராது என்பதும் முக்கியம். கொடுத்த பட்டியலில் இல்லையென்றால் இல்லைதான். கம்பைல் செய்யும்போது பட்டியலில் இல்லாவிட்டால் கம்பைலர் மறுக்கும். கம்பைலுக்கு இருந்து, ஓடும்போது இல்லாவிட்டால் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' என்ற பிழை வரும். பிள்ளைகள் மிகவும் பயப்படுகிற செய்தி அது. 'நேற்று இருந்த ஜார் இன்று பட்டியலில் இல்லை' என்று அதை வாசித்தால் பயம் போய்விடும்.

ஒரு வரிக்குப் பின்னால் ஒரு கூட்டம்

இந்தப் பட்டியலைக் கையால் எழுதலாமே என்று தோன்றும். இரண்டு ஜார் வரைக்கும் எழுதலாம். ஆனால் பிஓஐ தனியாக வருவதில்லை. எக்செல் கோப்பு உள்ளுக்குள் எக்ஸ்எம்எல், அதனால் எக்ஸ்எம்எல்பீன்ஸ் வேண்டும். அது ஜிப்பாகக் கட்டப்பட்டது, அதனால் காமன்ஸ் கம்ப்ரெஸ் வேண்டும். பதிவு எழுத லாக்ஃபோர்ஜே ஏபிஐ, பிறகு காமன்ஸ் ஐஓ, காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ், காமன்ஸ் கோடெக், காமன்ஸ் மேத் என்று ஒன்றைக் கூப்பிட்டால் பத்துக்கு மேல் வந்து நிற்கும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் ஹட்டியே வருகிற மாதிரி. ஒரு நிரலுக்குத் தேவைப்படும் இன்னொரு லைப்ரரியைச் சார்பு என்போம். இப்படிச் சார்பின் சார்பாகப் பின்தொடர்ந்து வருபவற்றைத் தேடிக் கோப்பதுதான் பில்ட் கருவியின் பெரிய வேலை.

2000-இல் வந்த ஆன்ட் கருவிக்கு இந்த வேலை தெரியாது. அந்தக் காலத்து ப்ராஜெக்ட்டுகளில் 'லிப்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து ஜார்களை அதில் கொட்டுவார்கள். எந்த ஜார் எந்தப் பதிப்பு, யார் எதற்காகப் போட்டார்கள் என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது. 2005-இல் வந்த மேவன் 2, பின்தொடர்ந்து வரும் சார்புகளையும் தானே தேடி எடுத்து வந்தது. 'பாம் டாட் எக்ஸ்எம்எல்' என்ற கோப்பில் தேவையானதன் குழுப் பெயர், லைப்ரரி பெயர், பதிப்பு எண் மூன்றையும் எழுதினால் போதும். மேவன் அதை மத்தியக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'டாட் எம்2' என்பதற்குள் இருக்கும் 'ரெபாசிட்டரி'யில் அடுக்கி வைத்துக்கொள்ளும். பின்னால் வந்த கிரேடிலும் இதையே 'பில்ட் டாட் கிரேடில்' கோப்பிலிருந்து செய்கிறது. சேமிப்பிடம் மட்டும் 'டாட் கிரேடில்' ஃபோல்டருக்குள்.

இரண்டு லைப்ரரிகள் ஒரே காமன்ஸ் ஐஓவின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால்? மேவன் உங்கள் பாம் கோப்புக்கு மிக அருகில் இருப்பதை எடுக்கும். நீங்களே நேரடியாக ஒரு பதிப்பை எழுதியிருந்தால் அதுதான் மிக அருகில், அதுதான் நிற்கும். கிரேடில் வழக்கமாகக் கேட்கப்பட்டவற்றில் புதியதை எடுக்கும். எனவே ஒரே சார்புகளை எழுதினாலும் இரண்டு கருவிகளும் வெவ்வேறு பட்டியலைத் தரக்கூடும். என்ன முடிவெடுத்தது என்று பார்க்க மேவனில் 'எம்விஎன் டிபென்டென்சி:ட்ரீ', கிரேடிலில் 'கிரேடில் டிபென்டென்சீஸ்'. வகுப்பில் முதல் நாளே இந்த மரத்தைப் பார்க்க வைத்துவிடுவேன். 'நான் எழுதியது மூன்று வரிதானே!' என்று கண் விரியும் அந்த நொடிக்குப் பிறகு, பட்டியலைக் கையால் எழுதும் ஆசை யாருக்கும் வருவதில்லை.

மேவன் ஒரே ஒரு பட்டியல் வைத்திருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சார்புக்கும் 'ஸ்கோப்' உண்டு. ஜேயூனிட்டுக்கு 'டெஸ்ட்' என்று எழுதினால் சோதனை நிரலுக்கு மட்டும் தெரியும், முதன்மை நிரலுக்குத் தெரியாது. எஸ்க்யூலைட் டிரைவருக்கு 'ரன்டைம்' என்று எழுதினால் கம்பைலின்போது கண்ணில் படாது, ஓடும்போது இருக்கும். ஆக, முதன்மை நிரலைக் கம்பைல் செய்ய ஒரு பட்டியல், ஓட்ட ஒன்று, சோதிக்க ஒன்று. இந்தப் பிரிவினைதான் கொஞ்ச நேரத்தில் நம்மைப் படுத்தப்போகிறது.

எக்லிப்ஸுக்கு எதற்குத் தனிப் பட்டியல்?

நீங்கள் ஒரு புள்ளி வைத்ததும் எக்லிப்ஸ் அடுத்து வரக்கூடியவற்றைக் காட்டுகிறது. எழுத்துப்பிழை செய்தால் உடனே அடியில் சிவப்புக் கோடு. ஒவ்வொரு எழுத்துக்கும் மேவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் இது நடக்காது. எக்லிப்ஸுக்குள் சொந்தக் கம்பைலரே இருக்கிறது. சேமித்ததும் மாறிய பகுதியை மட்டும் கம்பைல் செய்துகொள்ளும். அந்தக் கம்பைலருக்கும் கிளாஸ்பாத் வேண்டுமே? அதை 'டாட் கிளாஸ்பாத்' என்ற கோப்பில் வைத்துக்கொள்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் லினக்ஸின் ஃபோல்டர் ஜன்னலில் சாதாரணமாகக் கண்ணில் படாது. பக்கத்திலேயே 'டாட் ப்ராஜெக்ட்' என்று இன்னொன்று; ப்ராஜெக்ட்டின் பெயர், அது ஜாவா ப்ராஜெக்ட்டா, மேவன் ப்ராஜெக்ட்டா என்ற விவரம் அதில்.

டாட் கிளாஸ்பாத்தைத் திறந்து பாருங்கள். சாதாரண எக்ஸ்எம்எல்தான். ஒவ்வொரு வரியிலும் 'கைண்ட்' என்ற பண்பு இருக்கும். 'எஸ்ஆர்சி' என்றால் நிரல் மூலம் இருக்கும் ஃபோல்டர். 'லிப்' என்றால் ஒரு ஜாரின் முகவரி. 'வார்' என்றால் மாறியின் பெயரில் தொடங்கும் முகவரி. 'கான்' என்றால் கன்டெய்னர், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்பதை வேறொருவர் நிரப்பித் தரும் பெட்டி. ஜாவாவின் சொந்தக் கிளாஸ்களும் இப்படித்தான் வருகின்றன. 'அவுட்புட்' என்பது கம்பைல் ஆனதை எங்கே போட வேண்டும் என்பது. முகவரிகள் இருக்கின்றன, ஆனால் எது எதனால் வந்தது, எந்த ஸ்கோப் என்ற காரணங்கள் இல்லை. காரணங்கள் பாம் கோப்பில். இலை எடை போட்டதும் எழுதித் தரும் சீட்டுக்கு அடியில் கார்பன் நகல் இருக்குமே, அப்படி. எடை தவறென்றால் மூலச்சீட்டைத் திருத்தி மறுபடி எழுத வேண்டும். நகலின் மேல் பேனாவால் திருத்தினால் அது இரண்டு பேருக்கும் சண்டை வருவதற்கான வழி.

இப்போது அந்த மாணவியின் கணினிக்கு வருகிறேன். அவளுடைய பாம் கோப்பில் பிஓஐ ஒழுங்காக எழுதியிருந்தது; அதனால் டெர்மினல் சரி. ஆனால் அவளோடு சேர்ந்து எழுதும் தம்பி, எக்லிப்ஸில் சிவப்பு வந்த அன்று 'பில்ட் பாத்' பகுதியில் 'ஆட் எக்ஸ்டர்னல் ஜார்ஸ்' என்பதை அழுத்தி, தன் விண்டோஸ் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்த ஜார்களை ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தான். சி டிரைவில் தொடங்கும் முழு முகவரிகள். அந்த டாட் கிளாஸ்பாத்தையும், நிரலைப் பகிர்ந்துகொள்ள நாங்கள் வைத்திருக்கும் கிட்டில் ஏற்றிவிட்டான். அவளுடைய உபுண்டுவில் சி டிரைவ் ஏது? நகலைத் திருத்தி ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டான் என்று சொன்னேன். "நான் சரி பண்ணினேன்னுதான் நெனச்சேன் அக்கா" என்றான். அவன் மேல் தப்பில்லை. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் விடை பெரும்பாலும் அந்த பட்டனை அழுத்து என்பதுதான். அந்த விடையால் வீணாகும் மணிநேரங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நகலை எடுக்கும் கட்டளை

மேவனுக்குப் பட்டியல் ஏற்கெனவே தெரியும். அதையே எக்லிப்ஸின் வடிவில் எழுதித் தரச் சொன்னால் வேலை முடிந்தது. பல ஆண்டுகள் இதற்கு வழக்கமான கட்டளை 'எம்விஎன் எக்லிப்ஸ்:எக்லிப்ஸ்'. அது பாம் கோப்பைப் படிக்கும். சார்பு மரத்தைத் தீர்த்து, இல்லாத ஜாரை இறக்கும். ஒவ்வொரு ஜாருக்கும் ஒரு வரி எழுதும். மூல ஃபோல்டர்களையும் 'டார்கெட் கிளாஸஸ்' என்ற வெளியீட்டு இடத்தையும் குறிக்கும். கூடவே 'டவுன்லோட்சோர்சஸ்' என்பதை ட்ரூ என்று கொடுத்தால் லைப்ரரிகளின் மூல நிரலையும் இறக்கி, எந்த ஜாருக்கு எந்த மூலம் என்று அதே வரியில் எழுதிவிடும். பிறகு பிஓஐயின் ஒரு கிளாஸ் மேல் கன்ட்ரோலோடு சொடுக்கினால் அதை எழுதியவர்களின் நிரலே கண்முன் திறக்கும். கற்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. இதை விட்டுவிடாதீர்கள்.

முகவரி எழுதுவதில் ஒரு நல்ல யோசனை அதில் இருந்தது. ஒவ்வொருவரின் ஹோம் ஃபோல்டரும் வேறு என்பதால் முழு முகவரிக்குப் பதில் 'எம்2 ரெப்போ' என்ற மாறியில் தொடங்கி எழுதும். அந்த மாறி உங்கள் கணினியில் எங்கே நிற்கிறது என்பதை எக்லிப்ஸுக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 'அன்பவுண்ட் கிளாஸ்பாத் வேரியபிள்' என்று ஜார் எண்ணிக்கை அளவுக்குப் பிழைகள் கொட்டும். பத்துப் பிழைக்கும் காரணம் ஒன்றே. ப்ரிஃபரன்ஸஸில் ஜாவா, பில்ட் பாத், கிளாஸ்பாத் வேரியபிள்ஸ் என்று போய் அந்த மாறிக்கு டாட் எம்2 ரெபாசிட்டரியின் இடத்தைக் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக மறையும்.

கிரேடிலில் பில்ட் கோப்பின் பிளகின்ஸ் பகுதியில் 'எக்லிப்ஸ்' என்று சேர்த்து, 'கிரேடில் எக்லிப்ஸ்' என்று ஓட்டினால் அதே வேலை. பழைய கோப்பு இருந்தால் அதோடு கலந்து எழுதுவதுதான் அதன் இயல்பு. யாராவது கையால் சேர்த்த வரி தங்கிவிடலாம். அதனால் 'கிரேடில் கிளீன்எக்லிப்ஸ் எக்லிப்ஸ்' என்று துடைத்துவிட்டு எழுதச் சொல்வதே எனக்குப் பிடித்த முறை. மேவனிலும் 'எக்லிப்ஸ்:கிளீன்' உண்டு. ஏதாவது தனித் தேவைக்காகக் கோப்பில் ஒரு வரி கூட வேண்டுமென்றால், அதையும் பில்ட் கோப்பில் எழுதும் வசதியைக் கிரேடில் தருகிறது. அப்போது அந்தத் திருத்தமும் மூலச்சீட்டிலேயே இருக்கும்.

இந்த முறையில் ஒரு நிபந்தனை உண்டு. பாம் மாறும் ஒவ்வொரு முறையும் கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும். பிறகு எக்லிப்ஸில் ப்ராஜெக்ட்டின் மேல் எஃப்5 அழுத்த வேண்டும். வெளியே மாறியதை எக்லிப்ஸ் தானாகக் கவனிக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் நிறைய.

கன்டெய்னர் வந்த பிறகு

'எம்விஎன் எக்லிப்ஸ்:எக்லிப்ஸ்' கட்டளையைத் தந்த மேவன் பிளகினுக்கு, அதாவது கூடுதல் இணைப்புக்கு, 2015-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பழைய ப்ராஜெக்ட்டுகளில் இன்னும் பார்ப்பீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, மேவனை எக்லிப்ஸுக்குள் இணைக்கும் எம்2ஈ போதும். அது எக்லிப்ஸின் ஜாவா தொகுப்போடு சேர்ந்தே வருகிறது. அது எழுதும் டாட் கிளாஸ்பாத்தில் ஒரு ஜாரின் பெயரும் இருக்காது. 'கான்' வகையில் மேவன் கன்டெய்னர் என்ற ஒரே வரி. ப்ராஜெக்ட்டைத் திறக்கும்போது எம்2ஈ தானே பாம் கோப்பைப் படித்துப் பெட்டியை நிரப்புகிறது. நகல் எடுத்து வைப்பதற்குப் பதில், கேட்கும்போதெல்லாம் மூலச்சீட்டைப் பார்த்துச் சொல்வது. பட்டியல் பழசாகிவிட்டது போலத் தோன்றினால் ஆல்ட் எஃப்5, அதாவது 'அப்டேட் மேவன் ப்ராஜெக்ட்'. கிரேடிலுக்கு இதே வேலையைச் செய்வது பில்ட்ஷிப்; அங்கே 'ரிஃப்ரெஷ் கிரேடில் ப்ராஜெக்ட்'.

தொடக்கக்காரர்கள் தவறுவது இறக்குமதி செய்யும் இடத்தில்தான். எக்லிப்ஸின் இம்போர்ட் ஜன்னலில் 'எக்ஸிஸ்டிங் ப்ராஜெக்ட்ஸ் இன்டு வொர்க்ஸ்பேஸ்' என்றும் இருக்கும், 'எக்ஸிஸ்டிங் மேவன் ப்ராஜெக்ட்ஸ்' என்றும் இருக்கும். முதலாவது, இருக்கிற டாட் கிளாஸ்பாத்தை அப்படியே நம்பும். இரண்டாவதுதான் பாம் கோப்பைப் படிக்கும். எங்கள் மாணவி முதலாவதை அழுத்தியிருந்தாள். அதனால்தான் தம்பியின் சி டிரைவ் அவள் திரையில் வந்து நின்றது.

எக்லிப்ஸைப் போலவே நிரல் எழுத உதவும் இன்டெல்லிஜே, 'டாட் ஐடியா' ஃபோல்டரில் தன் குறிப்புகளை வைத்துக்கொள்ளும். பாம் மாறியதும் மூலையில் ஒரு சின்னக் குறியைக் காட்டி மறுபடி ஏற்றட்டுமா என்று கேட்கும். விஎஸ் கோடின் ஜாவா நீட்சிக்கு உள்ளே ஓடுவது எக்லிப்ஸின் ஜாவா இயந்திரமே. எனவே இங்கே சொன்னதில் பெரும்பகுதி அங்கேயும் பொருந்தும்.

எக்லிப்ஸ் பச்சை, டெர்மினல் சிவப்பு

இப்போது தலைகீழ்க் கதை. இன்னொரு மாணவனுக்கு எக்லிப்ஸில் ஒரு பிழையும் இல்லை. டெர்மினலில் மட்டும் 'பேக்கேஜ் இல்லை' என்று கம்பைல் நின்றுவிட்டது. பார்த்தால், இலைக் கணக்கின் முதன்மை நிரலில் எடை எதிர்மறையாக இருக்கக் கூடாது என்று சரிபார்க்க ஜேயூனிட்டின் அசர்ட்டைக் கூப்பிட்டிருந்தான். ஜேயூனிட் டெஸ்ட் ஸ்கோப். மேவனின் முதன்மைப் பட்டியலில் அது கிடையாது.

எக்லிப்ஸ் ஏன் விட்டது? நெடுங்காலம் எக்லிப்ஸில் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரே கிளாஸ்பாத்தான். மேவனின் மூன்று பட்டியல்களும் அதில் ஒன்றாகக் கொட்டப்பட்டன; சோதனைக்குரியது முதன்மை நிரலுக்கும் தெரிந்தது. 2018 ஜூனில் வந்த ஃபோட்டான் பதிப்பில்தான் ஒரு வரியின் மேல் 'டெஸ்ட்' என்று முத்திரை குத்தும் வசதி வந்தது. முத்திரை இருந்தால் முதன்மை நிரலுக்கு அது மறைக்கப்படும். ஆனால் பழைய பிளகினால் எழுதிய கோப்பில் அந்த முத்திரை இருக்காது. இவனுடையது ஒரு பழைய பயிற்சிப் ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்தது. இந்தப் பிழையைப் பார்த்து ஸ்கோப்பை எடுத்துவிடாதீர்கள். அசர்ட்டை எடுத்துவிட்டு சாதாரண 'இஃப்' போட்டு விதிவிலக்கை எறிவதுதான் மருந்து. ஸ்கோப்பை எடுத்தால் சோதனைச் சாமான் எல்லாம் பயனரின் கைக்குப் போய்ச் சேரும்.

பல பகுதிகளாகப் பிரித்த ப்ராஜெக்ட்டில் இன்னொரு வித்தியாசம் உண்டு. 'கணக்கு' ஒரு மாட்யூல், 'ரசீது' இன்னொன்று, ரசீது கணக்கைச் சார்ந்தது என்று வையுங்கள். எக்லிப்ஸில் இரண்டும் திறந்திருந்தால், ரசீதின் பட்டியலில் கணக்கு ஜாராக வராது, பக்கத்து ப்ராஜெக்ட்டாகவே வரும். கணக்கில் ஒரு மெத்தடைச் சேர்த்ததும் ரசீதில் உடனே தெரியும். டெர்மினலில் ரசீது ஃபோல்டருக்குள் மட்டும் போய் பில்ட் செய்தாலோ, மேவன் டாட் எம்2-வில் கடைசியாக இன்ஸ்டால் செய்த பழைய கணக்கு ஜாரை எடுக்கும். புதிய மெத்தட் இல்லை என்று சொல்லும். மேல் ஃபோல்டரிலிருந்து பில்ட் செய்யுங்கள், அல்லது கணக்கில் 'எம்விஎன் இன்ஸ்டால்' ஓட்டிவிட்டு வாருங்கள். இந்த இடத்தில் மட்டும் டெர்மினலை நம்பு என்ற என் பதிலுக்கு ஓர் அடிக்குறிப்பு: எந்த ஃபோல்டரில் நிற்கிறாய் என்று பார்த்துவிட்டு நம்பு.

ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்2ஈயும் மேவனும் ஒரே டார்கெட் ஃபோல்டரில் எழுதுகின்றன. டெர்மினலில் 'கிளீன்' ஓட்டினால் எக்லிப்ஸ் கம்பைல் செய்து வைத்ததும் போய்விடும், அதற்குத் தெரியாமலேயே. எஃப்5, பிறகு ப்ராஜெக்ட் மெனுவில் கிளீன். சரியாகிவிடும்.

ஐப்பசி மழையில் மேவன்

எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மின்சாரம் போகும், டவர் போகும், மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு என்றால் பிள்ளைகளும் வர முடியாது. பில்ட் கருவியின் வசதியெல்லாம் இணையத்தை நம்பியது. ஆனால் ஒருமுறை டாட் எம்2-வுக்குள் வந்துவிட்ட ஜாரை மேவன் மறுபடி கேட்காது. மழைக்கு விறகு சேர்ப்பது போல முன்கூட்டியே சேர்த்துவிடலாம். அதற்கு 'எம்விஎன் டிபென்டென்சி:கோ-ஆஃப்லைன்' என்ற கட்டளை உண்டு. அதைவிட, இணையம் இருக்கும்போது சோதனைகளோடு முழு பில்டை ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது. ஓடும்போதுதான் சில பிளகின்கள் தங்களுக்குத் தேவையானதைக் கேட்கும். பிறகு சிறிய 'ஓ' எழுத்தை ஹைஃபனோடு சேர்த்து ஓட்டினால் மேவன் இணையத்தைத் தேடாது.

இறக்கம் பாதியில் நின்றால் நடப்பதுதான் மோசம். ஜாருக்குப் பதில், 'லாஸ்ட்அப்டேட்டட்' என்று முடியும் சின்னக் கோப்பு அந்த ஃபோல்டரில் தங்கும். 'கேட்டேன், கிடைக்கவில்லை' என்ற குறிப்பு அது. இணையம் திரும்பிய பிறகும் குறிப்பிட்ட காலம் வரை மேவன் அந்தக் குறிப்பை நம்பி மறுபடி கேட்காமலே இருக்கும். எக்லிப்ஸில் 'மிஸ்ஸிங் ஆர்ட்டிஃபாக்ட்' என்று சிவப்பு நிற்கும். ஆல்ட் எஃப்5 எத்தனை முறை அழுத்தினாலும் போகாது. பெரிய 'யு' எழுத்தை ஹைஃபனோடு சேர்த்து மேவனை ஓட்டுங்கள், அல்லது எக்லிப்ஸின் அதே அப்டேட் ஜன்னலில் 'ஃபோர்ஸ் அப்டேட்' கட்டத்தைத் தட்டுங்கள். மலையில் இருக்கும் மாணவர்களுக்கு இந்த ஒரு எழுத்து மிச்சப்படுத்தும் நேரம் அதிகம். போன கார்த்திகையில் ஒரு பிள்ளையின் வீட்டில் நான்கு நாள் இணையம் இல்லை. எங்கள் வீட்டு டாட் எம்2 ரெபாசிட்டரியைப் பென்டிரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவள் தன் ஹோம் ஃபோல்டரில் அதே இடத்தில் வைத்து, ஆஃப்லைனில் பில்ட் செய்து, எக்லிப்ஸில் மேவன் ப்ராஜெக்ட்டாக இறக்குமதி செய்தாள். ஒரு சிவப்புக் கோடும் இல்லை.

அன்று வாசகசாலை மாடியில் நாங்கள் செய்தது இதுதான். தம்பியின் டாட் கிளாஸ்பாத், டாட் ப்ராஜெக்ட், டாட் செட்டிங்ஸ் மூன்றையும் 'கிட் ஆர்எம் கேஷ்டு' கொடுத்துக் கிட்டின் கணக்கிலிருந்து எடுத்தோம். மூன்றின் பெயரையும், கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் டாட் கிட்இக்னோரில் எழுதினோம். அவரவர் கணினியிலும் அந்தக் கோப்புகளை அழித்தோம். எக்லிப்ஸிலிருந்து ப்ராஜெக்ட்டை நீக்கினோம். நீக்கும்போது 'வட்டிலிருந்தும் அழி' என்ற கட்டம் தட்டப்படவில்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டோம். பிறகு 'எக்ஸிஸ்டிங் மேவன் ப்ராஜெக்ட்ஸ்'. கீழே வலது மூலையில் பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்தது. இறக்கம் முடிய ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. உபுண்டுவில் ஒரு பட்டியல், விண்டோஸில் ஒரு பட்டியல், முகவரிகள் வேறு வேறு, ஜார்களும் பதிப்புகளும் ஒன்றே. தம்பி இரண்டு திரையிலும் 'மேவன் டிபென்டென்சீஸ்' பெட்டியை விரித்து வைத்து, விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு அடுத்த வாரம் பிடிஎஃப் ரசீதுக்கு வேண்டிய லைப்ரரியைப் பாமில் எழுதட்டுமா என்று கேட்டான்.